உலகின் மிகப் பெரிய நுண்துகள்

இளவேனிலுக்கு அதற்கு முன்பும் பொறாமை வந்ததுண்டு. ஆனால் அதெல்லாம் வந்த வழியே போய்விடும். இந்தமுறை வந்தது போகவில்லை. அவளோடு போத்தனூரில் பஸ் ஏறியது, ஆய்வகத்துக்கு வந்தது, சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தால் எதிரே உட்கார்ந்துகொண்டது. அதைக் கூட்டிவந்து சேர்த்தது பல்கலைக்கழகத்தின் பெருமை மேலாண்மைப் பிரிவு.

மதுக்கரை தாண்டி இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தைக் கட்டியவர் வெங்கடபதி. மோட்டார் பம்பு செய்து பெரிய ஆளானவர். இப்போது வேந்தர். வேதியியல் துறையில் டாக்டர் ஆஸிமின் கீழ் இளவேனிலும் நவ்யாவும் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார்கள். இருவருக்கும் ஒரே மேசை, ஒரே ஊதா விளக்கு.

அவர்கள் செய்தது நுண்துகள்கள். வெறுங்கண்ணால் தனித்தனியாகப் பார்க்க முடியாத பிளாஸ்டிக் மணிகள் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு வகை மூலக்கூறுகளைக் கலந்து, எண்ணெயைப் போலத் தண்ணீரில் ஊற்றி, விடாமல் கலக்கினால் பொடிப்பொடித் துளிகளாக உடையும். இருட்டில் இருக்கும்வரை அந்த இரண்டு வகையும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. ஊதா வெளிச்சம் பட்டால் போதும், சட்டையின் பிரஸ் பட்டன் மாதிரி டிக்கென்று மாட்டிக்கொள்ளும். துளியெல்லாம் இறுகி மணியாகிவிடும். கிளிக் வேதியியல் என்று அதற்குப் பேர் வந்ததே அதனால்தான். மணியின் மேலே மாட்டாமல் மிச்சமிருக்கும் பட்டன்களில், மறுபடி வெளிச்சம் காட்டி, சாயமோ மருந்தோ எது வேண்டுமோ அதைக் கோத்துக்கொள்ளலாம்.

மணி செய்வது இளவேனில். கோப்பது நவ்யா. பாடுபடுவதெல்லாம் முதல் வேலையில், பளபளப்பெல்லாம் இரண்டாவது வேலையில் என்பது இளவேனிலின் அபிப்பிராயம். அது முழுப் பொய்யும் இல்லை.

பெருமைப் பிரிவின் தலைவன் தேஜா எம்.பி.ஏ. படித்தவன், சுறுசுறுப்பானவன். வேதியியல் துறையில் இருந்தவர்களைவிட அவனுக்குக் கீழே அதிகம் பேர் வேலை பார்த்தார்கள். ஒருநாள் காலையில் கேமராக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து இளவேனிலின் சீசாவைத் தூக்கிப் பார்த்தான்.

"ஏனுங்க அம்மணி, இது என்னதுங்க?"

"நுண்துகள்ங்க. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு. அதுதானுங்க இதுல விசேஷம்."

"பளிச்சுனு ஏதாச்சும் ஆகுமுங்களா?"

"ஆகாதுங்க."

"கோலமாவாட்ட இருக்குதுங்களே" என்று மரியாதை குறையாமல் சொல்லிவிட்டுச் சீசாவை இருந்த இடத்திலேயே வைத்தான்.

அடுத்து நவ்யாவின் சீசா. நவ்யா விளக்கைப் போட்டதும் அது பச்சைப் பசேலென்று ஒளிர்ந்தது. தேஜா ஓரடி பின்வாங்கினான். கேமராக்காரர் முதுகை நிமிர்த்தினார்.

"இதுதானுங்க ஆராய்ச்சி!"

"உள்ள இருக்கற மணியெல்லாம் இளவேனில் செஞ்சதுங்க. நான் மேல சாயத்தைக் கோத்தேன், அவ்வளவுதான்" என்றாள் நவ்யா.

"அதையும் போட்டுர்லாமுங்க" என்றான் தேஜா.

போடத்தான் பார்த்தார்கள். ஃப்ளக்ஸ் பேனரில் வேந்தர் படம், இணைவேந்தரான அவர் மனைவி வெங்கடலட்சுமி படம், காலமான வேந்தரின் அப்பா படம், கும்பிட்ட கைகள், தாமரை, பூமி உருண்டை எல்லாம் வந்த பிறகு நவ்யாவுக்கே கழுத்துக்குக் கீழே இடம் பற்றவில்லை. 'ஒளியைக் கண்டுபிடித்த எங்கள் நவ்யா!' என்று மஞ்சள் எழுத்தில் போட்டிருந்தது. அதைப் பாலக்காடு ரோடு நெடுகக் கட்டிவிட்டார்கள்.

இளவேனிலின் அம்மா வள்ளியாத்தாள் போத்தனூரில் தையல் கடை வைத்திருந்தாள். பொத்தானும் நூலும் வாங்க உக்கடம் போய்வந்தவள், சாயங்காலம் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"உன்ற சினேகிதி படம் இத்தாசோடு பெருசா வெச்சிருக்கறாங்க கண்ணு. நெம்ப லட்சணமா இருக்குது. உன்ற படம் எப்ப வெப்பாங்க?"

"வெப்பாங்கம்மா."

"நீயும் அதே ரூம்புலதான இருக்கறே?"

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நவ்யா வேந்தருக்கு உறவா என்று இளவேனில் நாலு பேரிடம் விசாரித்தாள். இல்லை. அன்னூர்ப் பக்கம் அவள் அப்பா மாவு மில் வைத்திருந்தார், அவ்வளவுதான். இந்த முடிவு இளவேனிலுக்குப் பெரிய ஏமாற்றம். உறவென்று தெரிந்திருந்தால் திட்டிவிட்டு ஆறியிருப்பாள். போதாக்குறைக்கு நவ்யா நல்லவளாகவும் இருந்து தொலைத்தாள். வீட்டிலிருந்து ஒப்புட்டு கொண்டுவந்தால் முதலில் இளவேனிலுக்குத்தான் நீட்டுவாள். இளவேனில் வாங்கிச் சாப்பிடுவாள். ருசியாகத்தான் இருக்கும். அதுவும் எரிச்சலாக இருந்தது.

திங்கட்கிழமைதோறும் கலையரங்கில் பெருமைக் கூட்டம். அந்த வாரத்துப் பெருமைக்கு உரியவரை மேடையேற்றி மற்றவர்கள் கைதட்டவேண்டும். கைதட்டலுக்குத் தனிச் சுற்றறிக்கை இருந்தது: கை மார்புக்கு மேலே இருக்கவேண்டும், முகத்தில் மகிழ்ச்சி தெரியவேண்டும், வேந்தர் நிறுத்தும்வரை நிறுத்தக் கூடாது. பக்கத்துக்கு ஒருவர் நின்று கண்காணித்தார். இளவேனில் வாரத்துக்கு வாரம் மார்புக்கு மேலே கையை வைத்து, முகத்தில் மகிழ்ச்சி தெரிய, நவ்யாவுக்குக் கைதட்டினாள்.

அப்படி ஒரு கூட்டத்தில்தான் வேந்தர் மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் கண்ணு என்னமோ பண்ணியிருக்குது. என்னன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சுக்கவும் வேண்டியதில்ல. நாப்பது வருசம் பம்பு வித்தேன். உள்ள என்ன சுத்துதுன்னு ஒருநாளும் எட்டிப் பாத்ததில்ல. மேல ஒட்டற பேர் பளபளன்னு இருக்குதான்னு மட்டும் பாப்பேன். அதனாலதான் இன்னைக்கு நான் வேந்தர். உள்ளே எட்டிப் பாத்தவங்கெல்லாம் இன்னைக்கும் எங்கிட்ட சம்பளத்துக்கு இருக்கறாங்க. கிளிக்குன்னு பேர் வெச்சிருக்கறாங்க பாருங்க, அதுதான் கண்டுபிடிப்பு. இன்னையிலிருந்து நம்முது கிளிக் பல்கலைக்கழகம்!"

அரங்கம் மார்புக்கு மேலே கைதட்டியது. ஆஸிமும் தட்டினார். அவர் கெட்டிக்கார வேதியியலாளர்தான். ஆனால் "நல்லதுங்க சார்" என்று சொல்லிச் சொல்லி, வேறு எதுவும் சொல்ல வராமல் போயிருந்தது.

அந்த வாரமே எல்லாத் துறைக்கும் உத்தரவு போனது. வணிகவியல் கிளிக் வணிகவியல் ஆனது. யோகா கிளிக் யோகா ஆனது. அதில் மூச்சை இழுத்து விடும்போது விரலைச் சொடுக்கவேண்டும். தமிழ்த் துறைத் தலைவர், வருமொழியும் நிலைமொழியும் டிக்கென்று ஒட்டிக்கொள்வதால் புணர்ச்சி விதிகளே உலகின் முதல் கிளிக் வேதியியல் என்று கட்டுரை வாசித்துத் தப்பித்துக்கொண்டார். உணவகத்தில் கிளிக் தோசை போட்டார்கள். வழக்கமான தோசைதான், விலை மட்டும் ஏறியிருந்தது.

இதற்கெல்லாம் மகுடமாக ஒளி விழா நடத்துவதென்று முடிவானது. டில்லியிலிருந்து சிறப்பு விருந்தினர் வருவார். மேடையிலேயே சுவிட்சைப் போடுவார். சபை பார்த்திருக்க நுண்துகள் பிறக்கும். விழாக் குழுவில் ஆஸிம் தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைச் சொன்னார்.

"சார், சுவிட்ச் போடறதுக்கு முன்னாலயும் பால் மாதிரிதான் இருக்கும். போட்ட பின்னாலயும் பால் மாதிரிதான் இருக்கும். பாக்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியாதுங்க."

"அப்ப என்ன ஆச்சுன்னு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார் வேந்தர்.

"மைக்ராஸ்கோப்புல பாக்கணுமுங்க."

"அத்தனை பேரும் வந்து பாக்க நேரமிருக்காது. நாம சொல்லீர்லாம், நம்புவாங்க."

"நல்லதுங்க சார்."

பின்வரிசைக்கும் தெரியவேண்டுமென்று சீசாவுக்குப் பதிலாக மீன் தொட்டி வாங்கினார்கள். சுவிட்சை யார் போடுவது என்பதில் நாள்கணக்காக இழுபறி. விருந்தினர் போட்டால் வேந்தருக்கு என்ன மரியாதை, வேந்தர் போட்டால் இணைவேந்தர் என்ன நினைப்பார் என்று பேசிப் பேசி, கடைசியில் மூன்று சுவிட்ச் வைத்து மூவரும் ஒரே நேரத்தில் அழுத்துவதென்று தீர்ந்தது. அதில் ஒன்றுக்கு மட்டும்தான் கரண்டு. எது என்று யாருக்கும் சொல்லக் கூடாதென்று எலெக்ட்ரீசியனிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள். விழா நெருங்கும்போது அவருக்கே மறந்துவிட்டது.

தொட்டி நிறையக் கலவை தயாரித்தது இளவேனில். ஆய்வகத்தில் சேர்த்துவைத்திருந்த சரக்கெல்லாம் அதில் போனது. தொட்டியைச் சுற்றி அலுமினியத் தாள் ஒட்டினாள், வெளிச்சம் படக் கூடாதென்று. மேலே ஒரு சின்ன மோட்டாரை மாட்டிக் கலக்கவிட்டாள், துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடக் கூடாதென்று. நவ்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பக்கத்துல இருந்து பாத்துக்கோ இளா. என்னைய ஃபோட்டோவுக்கு நிக்கவெச்சுருவாங்க. நான் கண்ணால பாக்கக்கூட முடியாது."

"நீ போ. நான் இருக்கறேன்" என்றாள் இளவேனில். அப்போது அவள் மனசில் கள்ளம் ஏதும் இல்லை.

விழா நாளில் அரங்கம் நிரம்பி வழிந்தது. மேடையில் நவ்யா பட்டுச்சேலை உடுத்தி, வேந்தர் தம்பதிக்கு நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். இளவேனில் திரைக்குப் பக்கத்தில், தொட்டிக்குக் காவலாக நின்றாள். தேஜா வந்தான்; தொட்டியைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"ஏனுங்க, இதென்ன புரோட்டா பார்சலாட்டச் சுத்தி வெச்சிருக்கறீங்க? வீடியோவுல நெம்ப அசிங்கமா வருமுங்க."

இளவேனில் வாயைத் திறந்தாள். சொல்லவேண்டியது நாலே வார்த்தை. அந்த நேரம் பார்த்து மேடையில் அறிவிப்பாளர், "தனி ஒரு பெண்ணாய், தளராத உழைப்பால், இந்தத் துகள்களைத் தன் கைகளாலேயே உருவாக்கிய நவ்யா" என்றார். நவ்யா திரும்பித் திரைப் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொல்லப் பார்த்தாள். கைதட்டலில் அது அமுங்கிப் போனது.

"எடுத்துப்போட்டா ஒண்ணும் ஆகாதுங்களே?" என்று கேட்டான் தேஜா.

"ஒண்ணும் ஆகாதுங்க" என்றாள் இளவேனில்.

தாளை உரித்துப்போட்டான். மோட்டார் குர்ரென்று மைக்கில் கேட்கிறது என்று அதன் ஒயரையும் பிடுங்கினான். தொட்டியின் அடியைச் சுற்றிச் செவ்வந்தி மாலையைப் போட்டு, அதை மேடை நடுவில் வைத்தார்கள். நீலமும் ஊதாவுமாக விழா விளக்குகள் அதன்மேல் கொட்டின. கலக்குவது நின்றதும், தண்ணீரைவிடக் கனமான துளிகள் ஒன்றுகூடி அடியில் படிந்தன. படிந்த இடத்திலேயே வெளிச்சம் அவற்றைப் பிடித்துக்கொண்டது. மேலே தண்ணீர் தெளியத் தெளிய இளவேனிலுக்கு உள்ளூர ஒரு திருப்தி. பயமும் அதில் கலந்திருந்தது. ஆனாலும் அவள் நகரவில்லை.

மெல்ல ஒரு நாற்றம் கிளம்பிப் பரவியது. அந்த மூலக்கூறுகளில் கந்தகம் உண்டு. சமையல் காஸ் கசிந்தால் தெரியவேண்டுமென்று சிலிண்டரில் கலப்பதும் இந்த வகைச் சரக்குதான். காஸ் கசிகிறது என்று யாரோ கத்த, பின்கட்டில் சமையல்காரர்கள் அடுப்பையெல்லாம் அணைத்துவிட்டு மைதானத்துக்கு ஓடிவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் மூக்கைப் பொத்திக்கொண்டு, தன் இளமைக்கால வறுமையையும் தெருவிளக்கையும் பற்றி நெடுநேரம் பேசினார்.

பிறகு மூவரும் சுவிட்சை அழுத்தினார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. எரிந்த விளக்கின் கீழே தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. பாலைக் காணோம். நவ்யா தொட்டியைப் பார்த்தாள், திரைப் பக்கம் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமில்லை. இளவேனில் தலையைக் குனிந்துகொண்டாள். அத்தனை நாள் காத்திருந்த அந்த நொடி, காத்திருந்த அளவுக்கு இனிக்கவில்லை என்பதைக் கவனித்தாள்.

தேஜா வேந்தரின் காதில் ஏதோ ஓதினான். வேந்தர் மைக்கை வாங்கினார்.

"பாத்தீங்களா? நாம சுவிட்ச் போடறதுக்கு முன்னாலயே ஆகிப்போச்சு! உலகத்துல வேற எங்காச்சும் இத்தன வேகம் உண்டுங்களா?"

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. வேந்தர் நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டதால் நெடுநேரம் தட்டியது. பந்தியில் அரைவேக்காட்டுச் சோறு போட்டார்கள். யாரும் குறை சொல்லவில்லை.

சாயங்காலம் தொட்டியைக் கவிழ்த்தபோது அடியிலிருந்து மஞ்சளாக ஒரு கட்டி விழுந்தது. தேங்காய் மூடி அளவு, அச்சு வெல்லத்தைப் போல. ஆஸிம் அதை எடுத்துக்கொண்டு வேந்தர் அறைக்குப் போனார். அவர் வாழ்நாளில் காட்டிய துணிச்சல் அதுதான். இளவேனிலும் நவ்யாவும் பின்னால் நின்றார்கள்.

"சார், இது தோத்துப்போச்சுங்க. நுண்துகள்னா கண்ணுக்குத் தெரியக் கூடாது. இது ஒரே கட்டியா வந்துபோச்சு."

வேந்தர் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"பெருசா வந்தா தோல்வியாங்க? அரை ஹெச்.பி. பம்பு பண்ணப் போயி அஞ்சு ஹெச்.பி. வந்தா நான் உக்காந்து அழுவேனா? மத்தவங்கெல்லாம் எத்தன பெருசு பண்ணியிருக்கறாங்க?"

"மத்தவங்க பண்ணுனது கண்ணுக்கே தெரியாதுங்க சார்."

"அப்ப உலகத்துலயே பெரிய நுண்துகள் இதுதானே?"

ஆஸிம் வாயைத் திறந்தார். மூடினார். "நல்லதுங்க சார்" என்றார்.

அந்தக் கட்டியைக் கண்ணாடிப் பேழையில் வைத்து நுழைவாயில் மண்டபத்தில் நிறுத்தினார்கள். 'உலகின் மிகப் பெரிய நுண்துகள். உருவாக்கியவர்: நவ்யா' என்று பித்தளைத் தகட்டில் பொறித்திருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேனில் அழைத்துவந்து காட்டினார்கள். ஒரு தம்பதி, கோயிலில் செய்வதுபோல, கைக்குழந்தையை அதன்முன் படுக்கவைத்து எடுத்துப்போனார்கள்.

இங்கேதான் இளவேனிலுக்குப் புதிதாக ஒரு சங்கடம் முளைத்தது. அந்தக் கட்டி அவள் செய்தது. தாளை எடுக்கலாம் என்று சொன்னவள் அவள். அவளில்லாவிட்டால் அது இல்லை. மணியெல்லாம் நவ்யாவின் பேரில் போனது சரி, இப்போது துரோகமும் நவ்யாவின் பேரில் போய்விட்டதே. மண்டபத்தைக் கடக்கும்போதெல்லாம் தகட்டைப் படிப்பாள். படிக்காமல் கடக்க அவளால் முடியவில்லை.

ஒரு மாதத்துக்குள் வேறொரு கல்லூரி, ஆட்டுக்கல் அளவுக்குத் தாங்கள் ஒரு நுண்துகள் செய்திருப்பதாக விளம்பரம் கொடுத்தது. வேந்தருக்கு அன்று காலைச் சாப்பாடு இறங்கவில்லை. நவ்யாவைக் கூப்பிட்டார்.

"உரல் அளவுக்கு ஒண்ணு பண்ணிப்போடு கண்ணு. ஆளு எத்தன வேணும், சொல்லு."

நவ்யா பண்ணிப் பார்த்தாள். தாள் சுற்றி, நன்றாகக் கலக்கி, ஒழுங்காகச் செய்தாள். ஒழுங்காகச் செய்ததால் ஒவ்வொரு முறையும் ஒழுங்கான வெள்ளைத் தூள்தான் வந்தது. அன்றைக்குத் திரைக்குப் பக்கத்தில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. தூளைக் கொண்டுபோய்க் காட்டினால் வேந்தர், "கெட்டுப்போச்சா?" என்று வருத்தப்பட்டார்.

ஒருநாள் மத்தியானம் உணவகத்தில், தொடாத தோசைக்கு முன்னால், நவ்யா அழுதுவிட்டாள். இளவேனிலுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. இரக்கத்தால் சொன்னாளா, தகட்டை நினைத்துச் சொன்னாளா என்று அவளுக்கே பிறகும் தெளிவாகவில்லை.

"நாந்தான் செஞ்சுபோட்டேன் நவ்யா. தாளை எடுக்கலாம்னு தேஜாகிட்ட சொன்னேன். மோட்டாரை நிறுத்தினப்ப பாத்துக்கிட்டே நின்னேன்."

நவ்யா தோசைத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"எம்மேல அவ்வளவு கோவமா உனக்கு?"

"கோவமில்ல. பொறாம."

"எம்மேலயா?" நவ்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் மேசையில உக்காந்து எத்தன மாசமாச்சு தெரியுமா? சேல கட்டு, சிரி, ரிப்பன் வெட்டு. நான் ஃபோட்டோவுக்குக் கெளம்பறப்ப நீ மைக்ராஸ்கோப்புல குனிஞ்சிருப்பே. எனக்கு அப்பிடியே வயிறு எரியும். ஒப்புட்டு குடுக்கறப்பெல்லாம் நீயாச்சும் கூப்பிட்டு ரெண்டு விசயம் சொல்லுவியான்னு பாப்பேன். நீ தின்னுபோட்டுப் போயிருவே."



"சேரி" என்று நவ்யா எழுந்தாள். அவள் குரலில் மன்னிப்பு ஒன்றும் இல்லை. "அந்த மேடை உனக்கு அவ்வளவு வேணுமின்னா நீயே வெச்சுக்கோ."

நேராகத் தேஜாவிடம் போய், கட்டியைச் செய்தது இளவேனில் என்று சொல்லிவிட்டாள். மறுநாளே உண்மை கண்டறியும் குழு கூடியது. வேந்தர், ஆஸிம், தேஜா மூவரும் உட்கார்ந்திருக்க, இளவேனில் எதிரே நின்றாள். ஆய்வு போகும், பட்டம் போகும், அம்மாவிடம் என்ன சொல்வது என்று பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தாள்.

"தெரிஞ்சேதானுங்க விட்டேன். வெளிச்சம் பட்டுக் கெடட்டும்னு விட்டேன். கலக்கறத நிறுத்துனா எல்லாம் ஒண்ணா சேந்துபோகும்னும் தெரியுமுங்க."

"எழுதிக்குங்க" என்றார் வேந்தர் தேஜாவிடம். "வெளிச்சம் படவிடணும். கலக்கறத நிறுத்தணும். இதுதான் செய்முறையாம்மணி?"

"செய்முறை இல்லீங்க ஐயா. துரோகமுங்க. பொறாமைல செஞ்சேனுங்க."

வேந்தர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகம் கனிந்துவிட்டது.

"பொறாம இல்லாம ஆராய்ச்சி எங்கம்மணி இருக்குது? இந்தப் பல்கலைக்கழகத்தை நான் எதுக்குக் கட்டுனேன்னு நெனச்சே? படிப்புக்கா? பக்கத்துத் தோட்டத்துக்காரன் இஞ்சினியரிங் காலேஜ் கட்டிப்போட்டான். எனக்குத் தூக்கம் வல்ல. அவன் என்னத்துக்குக் கட்டுனான்? அவனோட மச்சான் பாலிடெக்னிக் வெச்சிருந்தான். இந்த ஜில்லாவுல பாதிப் படிப்பு இப்பிடி வந்ததுதான். தேஜா, இந்தம்மணி பேரத் தகட்டுல போடுங்க. இதுக்கு இளவேனில் முறைன்னு பேர் வெய்ங்க."

"ஐயா, அது தப்புங்க..."

"உரல் அளவுக்கு வருமா?"

இளவேனில் ஆஸிமைப் பார்த்தாள். ஆஸிம் மேசையைப் பார்த்தார். கலக்காமல் வெளிச்சத்தில் வைத்தால் எந்த அளவுக்கும் வரும். அதற்கு அறிவே தேவையில்லை.

"வருமுங்க" என்றாள்.

ஆஸிம் பழக்கத்தில் "நல்லதுங்க சார்" என்றார்.

பாலக்காடு ரோட்டில் பழைய பேனர்களை அவிழ்த்துவிட்டுப் புதியவற்றைக் கட்டினார்கள். வள்ளியாத்தாள் கடையைப் பூட்டிவிட்டு ஆட்டோ வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். "மூக்கு உங்கொப்பனாட்டயே வந்திருக்குது" என்று வீட்டுக்கு வந்து கண்கலங்கினாள். இளவேனிலுக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல வேண்டியதில்லை, நிஜமாகவே இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் முகம் ஒவ்வொன்றாகக் கடந்துபோவதைப் பார்ப்பாள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் நவ்யா முன்வரிசையில், கையை மார்புக்கு மேலே வைத்துக் கைதட்டினாள். அவள் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது. அது மட்டும் இளவேனிலுக்குப் பிடிக்கவில்லை.

கோடையில் மாணவர் சேர்க்கை தொடங்கியது. உரல் அளவு நுண்துகளை மினி லாரியில் ஏற்றி, மாலை போட்டு, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். இளவேனில் பட்டுச்சேலையில் கூடப் போனாள். பெருந்துறை, கோபி, சத்தி, அந்தியூர் என்று சுற்றினாள். ஆய்வகத்துக்கு அவள் போய் வெகு நாளாகியிருந்தது. மேசையில் இப்போது நவ்யா தனியாக இருந்தாள். அந்த உணவகத்து மத்தியானத்துக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

கொடுமுடியில் ஒரு பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மகளைச் சேர்க்க வந்த ஒருவர் கட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். பிறகு இளவேனிலிடம் வந்தார்.

"ஏனுங்க டீச்சர், இது என்ன வேலை செய்யுமுங்க?"

"சும்மா இருக்குமுங்க."

"அப்ப எதுக்குங்க இத்தன பெருசா பண்ணுனாங்க?"

"பக்கத்துக் கல்லூரில ஆட்டுக்கல் அளவுக்குப் பண்ணிப்போட்டாங்க" என்றாள் இளவேனில். அவர் தலையாட்டினார். அவருக்கு அது முழுக்கப் புரிந்தது.

அப்போது செல்போன் அதிர்ந்தது. நவ்யா. வார்த்தை ஒன்றும் இல்லை, ஒரு படம் மட்டும். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்தது. சாம்பல் நிறப் பின்னணியில் மணிகள். நூற்றுக்கணக்கில், நெருக்கமாக, உருண்டையாக. இளவேனில் செய்த மணிகளில் என்ன பாடுபட்டாலும் சிலது நசுங்கியிருக்கும், சிலது இரட்டையாக ஒட்டியிருக்கும். வருஷக்கணக்கில் அவள் அதோடு மல்லுக்கட்டியவள். அந்த வேகத்தில் கலக்கக் கூடாதோ, இந்தச் சூட்டில் வைக்கக் கூடாதோ என்று எத்தனை யோசித்திருப்பாள். நவ்யா கண்டுபிடித்துவிட்டாள்.

படத்தை விரலால் விரித்தாள். இன்னும் விரித்தாள். ஒன்றாவது கோணலாக இருக்காதா என்று ஒவ்வொரு வரிசையாகத் தேடிக்கொண்டே போனாள். வயிறு பழையபடி எரிந்தது, முன்னைவிட நன்றாக எரிந்தது. மேடையில் தேஜா மைக்கில் அவள் பேரைச் சொல்லி அழைத்தான். பந்தல் முழுக்க அவள் பக்கம் திரும்பியது.

"வாரேனுங்க" என்றாள், நகராமல். படத்தின் இடது மூலை இன்னும் பாக்கி இருந்தது.